டர்போ வண்டியும் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

புதுசா டர்போ பெட்ரோல் கார் எடுக்கிற ஒருத்தருக்கு எங்க ஊர்ல மூணு விதமான அறிவுரை கிடைக்கும். பழைய மெக்கானிக் அண்ணாச்சி, "முதல் ஆயிரம் கிலோமீட்டர் அறுபதைத் தாண்டாதீங்க, ரெண்டாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல கொண்டு போகாதீங்க" என்பார். சாவியைக் கையில் கொடுக்கிற ஷோரூம் தம்பி, "இப்ப வர்ற இன்ஜினுக்கு அதெல்லாம் தேவையே இல்ல சார், இஷ்டப்படி ஓட்டுங்க" என்பார். இன்டர்நெட்டில் ஊறின மச்சான், "முதல் நாளே நல்லா மிதிச்சு ஓட்டு மாப்ள, அப்பத்தான் ரிங் உக்காரும்" என்பார்.

எங்க சித்தப்பா பையன் ஒரு லிட்டர் டர்போ வண்டி ஒன்றை புக் பண்ணிவிட்டு இந்த மூணையும் என்கிட்ட கொண்டுவந்து கொட்டினான். ஏழு வருஷ லோன். லோன் முடியும்வரைக்குமாவது இன்ஜின் ஆயில் குடிக்காம ஓடணும் என்பது அவன் கவலை. நியாயமான கவலைதான். மூணு பேர் சொல்வதிலும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. மூணு பேரும் கவனிக்காமல் விட்ட விஷயமும் ஒண்ணு இருக்கிறது: இன்ஜினைச் சோதிப்பது சுத்து வேகம் மட்டுமில்லை, சுமையும்தான். பழைய வண்டியில் இந்த ரெண்டும் ஓரளவு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். டர்போவில் ரெண்டும் தனித்தனியாகப் பிரிந்து போய்விட்டன. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானா வந்துரும்.

ரிங் எங்கே உட்காருது?

"ரன்னிங்-இன்" என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி பிஸ்டன் ரிங் சமாச்சாரம். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி உண்டு. அதை அடைப்பது ரிங்குகள். மேலே ரெண்டு கம்ப்ரஷன் ரிங், கீழே ஆயிலை வழித்து இறக்க ஒரு ஆயில் ரிங்.

சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான இன்ஜின்களில் அப்படி இல்லை. தொழிற்சாலையில் கடைசி வேலையாக ஹோனிங் கல்லை உள்ளே விட்டு, குறுக்கும் மறுக்குமாக, பெருக்கல் குறி மாதிரி நுண்ணிய கோடுகள் போடுவார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். நம்ம வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தின அம்மிதான் அரைக்கும். ஆனா கொத்தின உடனே அரைத்தால் மிளகாயோடு கல்துகளும் வரும். அதனால் முதல் ரெண்டு மூணு அரைப்பைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முனைகள் மழுங்கணும், பள்ளங்கள் மிச்சமிருக்கணும். சிலிண்டரிலும் அதே கதைதான். என்ன, அங்கே மேடு பள்ளமெல்லாம் மைக்ரான் கணக்கு. தலைமுடி ஒன்று எழுபது மைக்ரான் தடிமன் என்றால் மீதியை யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான கேள்வி: ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? ரிங்குக்கு ஸ்பிரிங் மாதிரி சொந்த விறைப்பு உண்டு, ஆனால் அது கொஞ்சம்தான். பெரிய அழுத்தம் எரியும் வாயுவிலிருந்து வருகிறது. பிஸ்டனுக்கு மேலே எரிந்த வாயு, மேல் ரிங்கின் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுப்பக்கம் போய், வெளியே தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்பில் தோல் வாஷர் இருக்குமே, அதே வேலை. அழுத்தினால் விரிந்து குழாயோடு ஒட்டும். அழுத்தம் இல்லாவிட்டால் தளர்ந்து கிடக்கும்.

ஆக, மிதித்தால்தான் ரிங் அழுந்தும். மச்சான் சொன்னதில் உள்ள உண்மை இது. இதற்கு நல்ல சாட்சி சின்ன விமானங்கள். லைகமிங் கம்பெனியின் பிஸ்டன் இன்ஜினைப் பிரித்து மறுபடி மாட்டினால், ஆரம்ப மணி நேரங்களில் 65 முதல் 75 சதவீத சக்தியில் பறக்கச் சொல்கிறார்கள். மெதுவாகப் பறக்காதே என்பதுதான் அறிவுரை. மெதுவாக ஓட்டினால் ரிங் சரியாக அழுந்தாமல், ஆயில் சுவரிலேயே கருகிப் படிந்து, ஹோனிங் கோடுகளை மூடிவிடும். கொத்து மூடிப்போன அம்மி. ஆங்கிலத்தில் இதை கிளேசிங் என்பார்கள். ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் பெரும்பாலும் பிரித்துத்தான் சரி பண்ணணும்.

விமானம் வரைக்கும் போக வேண்டாம். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தப்ப நம்ம பக்கம் விசைத்தறிக் கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்களே, அதிலும் இதைப் பார்க்கலாம். தேவைக்கு மேல் பெரிய செட்டை வாங்கி, நாலு ஃபேனும் பத்து லைட்டும் மட்டும் ஓட்டினால், கொஞ்ச நாளில் புகைக்குழாய் ஓரத்தில் கறுப்பா எண்ணெய் கசியும். ஜெனரேட்டருக்கு அதன் திறனில் மூன்றில் ஒரு பங்காவது சுமை கொடுங்கள் என்று சொல்வது சும்மா இல்லை.

அண்ணாச்சியின் அறுபது எங்கிருந்து வந்தது?

அண்ணாச்சியைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. அவர் கற்ற தொழிலில் அந்த விதி சரியாகத்தான் இருந்தது. அம்பாசிடர், பியட், வார்ப்பிரும்பு சிலிண்டர் சுமந்த புல்லட், ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் மொபெட் எல்லாம் வேறு காலம். சிலிண்டர் வேலைப்பாடு கரடுமுரடு, ஆயில் சுமார், அதிலும் பாதி வண்டிக்குக் காற்றுதான் குளிரூட்டி. புது வண்டியை அல்லது புதுசா போர் பண்ணின வண்டியை விரட்டினால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். "பிஸ்டன் ஜாம்". நட்டநடு ரோட்டில் பின்சக்கரம் உறைந்து நிற்கிற அனுபவம் அந்தத் தலைமுறைக்கு உண்டு. அதனால்தான் புது வண்டியின் பின்னால் "ரன்னிங் இன்" என்று அட்டை எழுதி மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் வழிவிட்டு ஓட்டினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பிஸ்டனும் ரிங்கும் நம்ம ஊரிலேயே செய்யத் தொடங்கினோம். 1949-ல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் எஸ். அனந்தராமகிருஷ்ணன் திருநெல்வேலிச் சீமைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறிய பெரிய விஷயம், சிலிண்டரைக் கடைசியாக இழைக்கிற முறை. இப்போது ரெண்டு கட்டமாக ஹோனிங் பண்ணுகிறார்கள். முதலில் ஆழமான கோடு, பிறகு மென்மையான கல்லால் மேட்டு முனைகளை மட்டும் வழித்துவிடுவது. அதாவது முதல் ரெண்டு அரைப்பைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டுத்தான் அம்மியை நம்மகிட்ட தருகிறார்கள். ஷோரூம் தம்பி சொன்னதன் உண்மை இதுதான். ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட்டின் டர்போ இன்ஜினில் இன்னும் ஒரு படி மேலே போய், சிலிண்டர் சுவரில் உலோகத்தை உருக்கிப் பீச்சி, கண்ணாடி மாதிரி மெருகேற்றிவிட்டார்கள். அங்கே ஆயிலைத் தாங்குவது கோடு இல்லை, அந்தப் பூச்சில் இருக்கிற நுண்துளைகள்.

ஆக ஜாம் ஆகும் பயம் அனேகமாகப் போய்விட்டது. மிச்சமிருப்பது ரிங் முழுசாக ஒட்டுமா என்ற கேள்வி. அதோடு டர்போ கொண்டுவந்த ஒரு புதுக் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு

டர்போ நேற்று வந்ததில்லை. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நம்ம தெருவுக்கு அது வந்து சேர்ந்ததற்கு வரிதான் பெரிய காரணம். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்ன காருக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500-க்குள். அந்தக் கோடு இன்றுவரை உயிரோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40. அப்புறம் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? இன்ஜினைச் சின்னதாக்கி, அதற்குள் காற்றைத் திணிப்பான். 2013-ல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு எகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் டர்போ, 2019-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூவின் ஒரு லிட்டர் டர்போ எல்லாம் இந்தக் கோட்டுக்குள் அடங்கியவை.

வென்யூவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரே காரில் ரெண்டு வகை பெட்ரோல் இன்ஜினும் வந்தன. சாதா இன்ஜின் 1197 சி.சி., அதிகபட்ச இழுவை சுமார் 114 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 4000 ஆர்.பி.எம்.மில். டர்போ இன்ஜின் 998 சி.சி., இழுவை 172 நியூட்டன் மீட்டர், கிடைப்பது 1500-லிருந்து 4000 வரைக்கும்.

இழுவையை 4 பையால் பெருக்கி இன்ஜின் கொள்ளளவால் வகுத்தால் பிஸ்டன் மேல் விழும் சராசரி அழுத்தம் வரும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எளிய சூத்திரம், நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாதா இன்ஜினுக்கு 12 பார். டர்போவுக்குக் கிட்டத்தட்ட 22 பார். கார் டயரில் நாம் 33 என்று காற்றடிக்கிறோமே, அது 2.3 பார்தான்.

இப்போது அண்ணாச்சியின் விதியைத் திரும்பப் பாருங்கள். "ரெண்டாயிரத்தைத் தாண்டாதே" என்று சாதா இன்ஜினில் சொன்னால், அதன் முழு இழுவையே 4000-ல்தான் கிடைக்கும் என்பதால், ஒரு காவல் மாதிரி வேலை செய்யும். டர்போவில் 1500-லேயே முழு அழுத்தமும் கிடைத்துவிடுகிறது. ரெண்டாயிரத்துக்குக் கீழே பொத்திப் பொத்தி ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு, அஞ்சாவது கியரில் நாற்பதில் போய், முன்னால் போகிற வைக்கோல் லாரியை ஓவர்டேக் பண்ண மிதித்தீர்கள் என்றால், புது இன்ஜினுக்கு அதன் வாழ்நாளிலேயே பெரிய சுமையைக் கொடுத்தாச்சு. ஆர்.பி.எம். முள் அப்பாவி மாதிரி 1600-ல் நிற்கும்.

அந்தக் குறைஞ்ச சுத்து, முழு சுமை என்ற மூலையில்தான் டர்போவின் புது ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் முன்னாலேயே கலவை தானாகத் தீப்பிடித்துக்கொள்வது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் டர்போ இன்ஜின்களில்தான் இது அதிகம். சிலிண்டருக்குள் தப்பி வந்த ஆயில் துளியும் கரித்துணுக்கும் இதற்குத் தீக்குச்சியாகின்றன. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்தால் அழுத்தம் எகிறி, ரிங்குகளுக்கு நடுவில் இருக்கிற பிஸ்டன் விளிம்பே உடைந்துபோகலாம். இது கதையில்லை. இதற்காகவே ஆயில் தரத்தை மாற்றி எழுதினார்கள். ஆயிலில் இருக்கும் கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று கண்டுபிடித்து, 2018-ல் எஸ்.என். பிளஸ், 2020-ல் எஸ்.பி. என்ற ஏ.பி.ஐ. தரங்கள் வந்தன. டப்பாவில் எஸ்.பி. என்று போட்டிருக்கிறதா என்று நான் பார்த்து வாங்குவது இதனால்தான்.

ரிங் இன்னும் முழுசாக ஒட்டாத புது இன்ஜினில் மேலே தப்பி வரும் ஆயில் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் முதல் ஆயிரத்தில் செய்யக்கூடாத ஒரே ஒரு காரியம் சொல் என்று கேட்டால், நான் வேகத்தைச் சொல்ல மாட்டேன். பெரிய கியரில் முக்கி முனகி இழுக்கவிடாதீங்க என்றுதான் சொல்வேன்.

ஹூண்டாயின் கையேட்டிலேயே இது இருக்கிறது, நாம்தான் பாதியைப் படிக்கிறோம். விசேஷமான பழக்கல் காலம் எதுவும் தேவையில்லை என்று ஆரம்பித்து, முதல் 1000 கிலோமீட்டருக்குச் சில எச்சரிக்கைகள் சொல்கிறது. இன்ஜினை வெறுமனே உறுமவிடாதே, ஒரே வேகத்தில் ரொம்ப நேரம் போகாதே, திடீர் பிரேக் வேண்டாம், ஆர்.பி.எம். 2000-க்கும் 4000-க்கும் நடுவில் இருக்கட்டும். எல்லாரும் 4000 என்ற மேல் வரம்பை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். கீழ் வரம்பு ஒன்று இருப்பதை யாரும் பேசுவதில்லை. அண்ணாச்சி உச்சவரம்பாகச் சொன்ன அதே ரெண்டாயிரம், இங்கே தரையாக இருக்கிறது!

அஞ்சு ஹெச்பி மோட்டார்

சரி, முக்கவிடாமல், பெரிய கியரும் போடாமல், சமதரையில் ஐம்பதில் சாந்தமாகப் போனால் என்ன? அதற்கும் ஒரு கணக்கு. 1200 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் சமதரையில் போக, டயர் உருளும் தடையையும் காற்றுத் தடையையும் கூட்டினால் நாலரை குதிரைசக்தி போதும். தோட்டத்துக் கிணற்றில் அஞ்சு ஹெச்பி மோட்டார் ஓடுதே, அவ்வளவுதான். இன்ஜினின் திறன் 120. எண்பதில் போனால் பதினொண்ணு பன்னிரண்டு. நூறில்கூட இருபது தாண்டாது.

120 குதிரையில் நாலரையை மட்டும் கேட்பது, பெரிய ஜெனரேட்டரில் நாலு ஃபேன் ஓட்டுகிற கதை. ரிங்குக்குப் பின்னால் அழுத்தமே இருக்காது. அதனால்தான் "அறுபதைத் தாண்டாமல் ஆயிரம் கிலோமீட்டர்" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அது வண்டியைக் கெடுத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. இப்போதைய ஹோனிங்குக்கு அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் செய்ய நினைத்த வேலையை அது செய்வதில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் என்பது ரிங்குக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? டாப் கியரில் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சுமார் 2000 சுற்று சுற்றுகிறது என்று வைப்போம். வென்யூ டர்போவில் பிஸ்டன் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால் 168 மில்லிமீட்டர். ஆக வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் ரிங் சுவரில் 336 மீட்டர் உரசுகிறது. ஆயிரத்துக்கு 336 கிலோமீட்டர், இருபது லட்சம் சுற்று. இதில் பெரும்பங்கு மாற்றம் ஆரம்ப மணி நேரங்களிலேயே நடந்துவிடும், பிறகு மெதுவாக அடங்கும். முதல் முந்நூறு கிலோமீட்டரை யார், எந்த ரோட்டில் ஓட்டுகிறார்கள் என்பது அதனால்தான் முக்கியம்.

இந்த விஷயத்தில் சங்கரன்கோவில்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். இங்கிருந்து பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி போகும் ரோட்டில் ஊருக்கு ஊர் வேகத்தடை. மற்ற நாளில் திட்டிக்கொண்டே கடக்கிற அதே வேகத்தடைகள் புது இன்ஜினுக்கு டியூஷன் வாத்தியார் மாதிரி. இருபதுக்கு இறங்கி, ரெண்டாவது கியர், மூணாவது, பாதி மிதியில் 3500 வரைக்கும் இழுத்து, எழுபது எழுபத்தைந்தில் காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விட்டு, மறுபடியும் அடுத்த ஊர். இழுக்கும்போது வாயு அழுத்தி ரிங் உரசும். கியரிலேயே காலை எடுத்தால் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி ரிங் ஓரத்துக்குக் கொஞ்சம் ஆயிலை இழுக்கும், உரசின இடம் கழுவிக் குளிரும். கரிவலம்வந்தநல்லூர் வழியாக ராஜபாளையம் போகும் ரோடும் இதற்குத் தோதுதான். இதையே கோவில்பட்டி போய் நாலுவழிச் சாலையில் ஏறி, குரூஸ் கன்ட்ரோலை 80-ல் போட்டு, மதுரை வரைக்கும் காலை மடக்கி உட்கார்ந்து செய்ய முடியாது. அந்த ரோட்டில் போகக்கூடாது என்றில்லை. போனால் வேகத்தை ஏற்றி இறக்கி, கியர் மாற்றி ஓட்டணும்.

ஆடி மாசம் வண்டி எடுத்தவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியா வருகிற மேற்குக் காற்று, இந்தப் பக்கம் காற்றாலை எல்லாம் எதை நம்பி நிற்கிறதோ அந்தக் காற்று. வீரசிகாமணி, சுரண்டை வழியாகத் தென்காசி போகும்போது அது எதிர்க்காற்று. 30 கி.மீ. எதிர்க்காற்றில் 80-ல் போனால், பதினொண்ணு பன்னிரண்டு ஹெச்பி தேவைப்பட்ட இடத்தில் பதினெட்டு ஆகிவிடும். சமதரையிலேயே ஒரு சின்ன ஏற்றம் கிடைத்த மாதிரி.

ஆனா வண்டிக்குக் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுநாளே அஞ்சு சீட்டில் ஆறு பேரை அடைத்து, டிக்கி நிறைய பாத்திரத்தோடு ஆரியங்காவு மலை ஏறி கேரளா போவது எனக்குச் சம்மதமில்லை. சுமை வேண்டும்தான், ஆனால் விட்டு விட்டு வேண்டும். மலை ஏற்றத்தில் அது தொடர்ச்சியாக இருக்கும், முன்னால் சிமென்ட் லாரி ஊர்ந்தால் அதுவும் குறைஞ்ச சுத்தில் இருக்கும். போயே ஆகணும் என்றால் ஒரு கியர் குறைத்து, முள்ளை 2500-க்கு மேலேயே வைத்து ஏறுங்கள். சத்தம் கூடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் ஒரு சிக்கல். மைலேஜ் காட்டுவதற்காக கியர்பாக்ஸ் சீக்கிரம் சீக்கிரமாக மேல் கியருக்குப் போய் 1300, 1400-ல் இன்ஜினை வைத்திருக்கும். எக்கோ மோடில் இன்னும் மோசம். முதல் ஆயிரத்துக்கு ஸ்போர்ட் மோடு அல்லது கையால் கியர் மாற்றும் மோடு. பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும், குடிக்கட்டும்.

நான் அவனுக்குச் சொன்ன அட்டவணை ரொம்ப எளிது. முதல் முந்நூறு வரை பாதி மிதி, 3500. பிறகு 4000, முக்கால் மிதி, அதுவும் சில விநாடி. எழுநூறுக்கு மேல் எப்போதாவது மூணாவது கியரில் முழு மிதி. எதற்கும் முன்னால் இன்ஜின் சூடாகியிருக்கணும். மீட்டரில் தெரிவது தண்ணீரின் சூடுதான். ஆயில் சூடாக அதைவிட நேரமாகும். நம்ம வெயிலிலும் பத்து நிமிஷமாவது நிதானமாக ஓட்டியபிறகே மிதிக்கணும். மச்சான் சொல்லத் தவறியது இதைத்தான். பிரேக் பேடும் டயரும்கூடப் புதுசு என்பதால் அவையும் முதல் சில நூறு கிலோமீட்டர் முழுப் பிடிப்பு கொடுக்காது. முன் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்க.

டர்போவுக்கே என்ன பண்ணணும்?

டர்போவுக்கென்று தனியாகப் பழக்கல் கிடையாது. அதன் சுழலும் பாகங்களைத் தொழிற்சாலையிலேயே சமநிலை பார்த்துத்தான் மாட்டுகிறார்கள். சின்ன கார் டர்போ நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். ஒரு பக்கம் 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகை, மறுபக்கம் உள்ளே இழுக்கிற காற்று, நடுவில் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். ஸ்டார்ட் பண்ணின உடனே உறுமினால் ஆயில் வரும் முன்னால் சுற்றும். வேகமாக வந்து டக்கென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கின ஆயில் அந்தச் சூட்டில் கருகும். ஸ்டார்ட் பண்ணிச் சில விநாடி, விரட்டி ஓட்டின பிறகு ஒரு நிமிஷம் ஐடிலிங். இது ஆயிரம் கிலோமீட்டருக்கு மட்டுமில்லை, வண்டி இருக்கும்வரைக்கும். ஆனால் ரதவீதியில் காய்கறி வாங்கிவிட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு அந்த ஒரு நிமிஷம் தேவையில்லை. அந்த ஓட்டத்தில் டர்போ சூடாகியிருக்கவே செய்யாது. நூற்றுப்பத்தில் வந்து கோவில்பட்டி பைபாஸ் டீக்கடையில் திரும்புகிறவருக்குத்தான் அது.

ஆயில் சமாச்சாரம்

"ஆயிரத்திலேயே ஆயிலை மாத்திருங்க, உள்ள இரும்புத்தூள் இருக்கும்" என்பது இன்னொரு பழைய அறிவுரை. அந்தக் காலத்தில் உண்மையிலேயே இருக்கும். இப்போது ஆயிரம் கிலோமீட்டர் ஃப்ரீ சர்வீஸில் பெரும்பாலும் சோதித்துப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள், முதல் மாற்றம் பத்தாயிரத்தில் அல்லது ஒரு வருஷத்தில். ஹோண்டா மாதிரி சிலர், முதல் நிரப்பிலேயே பழக்கலுக்கான சேர்மங்கள் இருக்கின்றன, முன்கூட்டி மாற்றாதே என்றே சொல்கிறார்கள். மற்ற வண்டிகளில் ரெண்டாயிரம் மூவாயிரத்தில் மாற்றினால் கெடுதல் இல்லை, மன நிம்மதிக்குக் கொடுக்கிற விலைதான் அது. என் கட்சி, கையேட்டில் போட்டதைச் செய்வது; ஆனால் நம்ம தூசிக்கும் வெயிலுக்கும் சின்னச் சின்ன ஓட்டத்துக்கும் "கடினமான பயன்பாடு" என்று கையேட்டில் தனி அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துச் செய்வது.

அதைவிட உபயோகமான காரியம் டிப்ஸ்டிக். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன்னால், சமதரையில் நிறுத்தி, துடைத்து, விட்டு, எடுத்துப் பார்க்கணும். ஓடின கிலோமீட்டரையும் அளவையும் ஃபோனில் படம் எடுத்து வைக்கணும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர். முதல் சில ஆயிரத்தில் கொஞ்சம் இறங்கி, பிறகு இறங்குவது நின்றுபோனால் ரிங் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மைலேஜும் அப்போதுதான் நிலைப்படும். ஹூண்டாய் அதற்கு ஆறாயிரம் கிலோமீட்டர் கணக்குச் சொல்கிறது. ஐயாயிரம் தாண்டியும் ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கொண்டே போனால் சர்வீஸில் சொல்லணும். அளவு இறங்குவதற்குப் பதிலாக ஏறினால், டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், சின்னச் சின்ன ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. ஒரு தடவை அரை மணி நேரம் நன்றாக ஓட்டிப் பார்த்தும் குறையவில்லை என்றால், வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராமல், ஜாப் கார்டில் எழுதி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி பேச்சு வரும்போது அந்தத் தாள்தான் பேசும்.